வயல்மேல் நிற்கிற லேத்

என் தம்பி இசக்கிபாண்டிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் வலது முழங்கால் ஆடும். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவன் கல்யாண வீடியோவில் மணவறையில் இருக்கும்போதும் அந்தக் கால் ஆடுகிறது. பக்கத்தில் இருக்கிற கனகலட்சுமியின் வளையல்கள் அதற்குத் தாளம் போடுகின்றன. அந்த இடம் வரும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். கனகு மட்டும் சிரிக்க மாட்டாள்.

அந்தக் கால் அவளை எங்கெல்லாமோ இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முதலில் ஸ்ரீபெரும்புதூர், அப்புறம் ஓசூர், அங்கிருந்து கோயம்புத்தூர், மறுபடி இங்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமே. பாண்டி ஐடிஐயில் டர்னர் படித்தவன். இரும்பைக் கடைகிற வேலை அவன் கைக்குச் சுலபமாக வரும். ஆனால் இங்குள்ள கம்பெனிகளில் கடைசலுக்குக் கை வேண்டியதில்லை. மிஷின் கதவைத் திறந்து உருப்படியை வைக்க வேண்டும், கதவை மூட வேண்டும், பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் மிஷினே கடைந்து முடித்துவிடும். மறுபடி கதவு, மறுபடி பட்டன்.

"எக்கா, மீன் தொட்டிக்குக் காவல் இருக்குத மாதிரி இருக்கு" என்பான். சொன்ன கொஞ்ச நாளில் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து நிற்பான்.

நான் ஒரகடத்தில் கார் சீட் கவர் தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தைத்து வருகிற கவரை விரித்துப் பார்த்து, தையல் தப்பியிருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவது என் வேலை. எட்டாவது வரைதான் படிப்பு; ஆனால் என் மேஜையைத் தாண்டிப் போன கவர் திரும்பி வந்தது கிடையாது. அதனால்தானோ என்னவோ, தம்பி குடும்பத்தில் எங்கே நூல் விட்டுப்போகிறது என்பதும் என் கண்ணில் முதலில் படும்.

அவன் மகள் கனிஷ்காவை "எந்த ஸ்கூல்ல படிக்க?" என்று கேட்டால், "இப்ப வல்லத்துல" என்பாள். அந்த 'இப்ப' எனக்குச் சுருக்கென்று குத்தும். மூன்றாம் வகுப்புக்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்தவள். கனகு எந்த வாடகை வீட்டிலும் சுவரில் ஆணி அடித்தது கிடையாது. காலண்டர் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நிற்கும். காற்றடித்தால் விழும். எடுத்து மறுபடி சாய்ப்பாள்.

"எதுக்கு மதினி அடிக்கணும், பெறவு பிடுங்கணும்?" என்பாள்.

நாங்கள் இருப்பது வல்லம் வடகாலில், கோதண்டம் என்பவரின் வரிசை வீடுகளில். அவருடைய நிலத்தில் பெரும்பங்கு தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்த வயலில் மண்ணடித்து நிரப்பி ஒரே கூரையாக இந்த வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வீடு, அடுத்தது பாண்டி வீடு. வரிசையின் கடைசியில் அவருடைய பழைய மாட்டுக்கொட்டகை இருக்கிறது. மாடுகளை விற்றபின் தரைக்குச் சிமெண்ட் போட்டு, குடியிருக்கிறவர்கள் பைக் நிறுத்த விட்டிருந்தார்.

போன மாசி மாதம் பாண்டி மறுபடியும் வேலையை விட்டான். ஓசூரில் ஒரு காண்டிராக்டர் கூப்பிடுகிறார் என்றான். கனகு சத்தம் போடவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"நீங்க போங்க. நானும் பிள்ளையும் வரல. மதினி பக்கத்துலயே இருந்துக்கிடுதோம். இன்னொரு மட்டம் நான் சாமானம் கெட்ட மாட்டேன்."

பாண்டி என்னைப் பார்த்தான். நான் அரிசியைப் பார்த்தேன்.

அவன் ஓசூருக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாகக் குன்றத்தூர் பக்கம் ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவன், இரும்பு கடைகிற பழைய லேத் மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். குட்டியானை வண்டியில் அது வந்து இறங்கியபோது வரிசை வீடு மொத்தமும் வெளியே நின்றது. கறுப்புக் கிரீஸும் துருவும் அப்பி, ஒரு பக்கம் கைப்பிடி இல்லாமல், பார்ப்பதற்கு ஏதோ கிணற்றிலிருந்து தூக்கிய மாதிரி இருந்தது.

கோதண்டம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். "இன்னா பாண்டி, பீரங்கி வாங்கிகினு வந்துக்கீற? யாரு மேல சண்டை?"

"லேத்து, அண்ணாச்சி. கொட்டகைல ஒரு ஓரமா வச்சுக்கிடுதேன். சும்மா வேண்டாம், வாடகை தாரேன்."

"வச்சிக்கோ. ஆனா என் தரை ஒடஞ்சிது, உன்னயும் ஒடச்சிடுவேன்."

என் வீட்டுக்காரர் என் காதருகே, "ஒன் தம்பி ஓடாம இருக்கணும்னுதாம் இம்புட்டு கனத்துல வாங்கிருக்கான் போல" என்றார். அவருக்குப் பாண்டியைக் கிண்டல் செய்யாமல் சோறு இறங்காது. ஆனால் செயின் பிளாக் கப்பியில் தொங்கவிட்டு இறக்கி, குழாய்களின் மேல் வைத்து உருட்டிக் கொட்டகைக்குள் சேர்த்தவர்களில் அவரும் ஒருவர்.

அன்று ஆரம்பித்து வெயில் காலம் முழுக்கப் பாண்டி கொட்டகையிலேயே கிடந்தான். முதலில் மொத்தத்தையும் பிரித்தான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தான். எங்கள் வீட்டுப் பழைய துணி தீர்ந்துபோய்ப் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். துருவுக்குள்ளிருந்து பச்சைப் பெயிண்ட் எட்டிப் பார்த்த அன்று, அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். இரைச்சல் போட்ட பேரிங்குகளை மாற்றினான். இல்லாத கைப்பிடியை ஒரு நண்பனின் பட்டறையில் செய்து வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ கொண்டுபோனேன். இரும்பைச் சீவுகிற டூல் பொருந்துகிற சறுக்குப் பாகத்தைக் கழற்றி வைத்திருந்தான். ஒரு மட்டமான இரும்புப் பலகையில் நீல மையைத் தடவி, அந்தப் பாகத்தை அதன்மேல் வைத்துத் தேய்த்தான். திருப்பினால் மேடாக இருந்த இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. அந்த நீலத்தை மட்டும் ஒரு கூர்மையான தகட்டால் மயிரிழை அளவு சுரண்டினான். துடைத்தான். மறுபடி மை, மறுபடி தேய்ப்பு. நீலம் பாகம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பரவும்வரை இப்படியே செய்ய வேண்டுமாம்.

"எத்தன தடவல?"

"முடியுத வரைக்கும்க்கா."

நான் அவன் காலைப் பார்த்தேன். ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருந்தான். கால் ஆடவில்லை. டீ ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து கனகுவிடம் சொன்னேன். அவள் நம்பாமல், வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போவது மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெங்காயத்தைத்தான் மறந்து அங்கேயே வைத்துவிட்டாள்.

கரண்டுதான் பெரிய தலைவலி. லேத் மோட்டாருக்கு மூன்று பேஸ் வேண்டும்; கொட்டகையில் இருந்தது ஒரு பேஸ். பாண்டி ஒன்றை மூன்றாக்கித் தரும் டிரைவ் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினான். அதில் ஒரு குமிழைத் திருகினால் லேத்தின் வேகம் ஏறும், இறங்கும். டூல் எவ்வளவு நகர்ந்தது என்று எண்களில் காட்டுகிற சின்னத் திரை ஒன்றையும் பொருத்தினான். முதல் தடவை ஓட்டிப் பார்த்த அன்று கோதண்டம் ஒரு காய்ந்த மூங்கில் கழியோடு மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றார்.

"பொறி கிறி வந்துச்சு, தட்டி வுட்டுடுவேன். சொல்லிட்டேன்."

பாண்டி குமிழைத் திருகினான். லேத் முதல் தடவை மேடை ஏறிய பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கிச் சுற்றி, வேகம் பிடித்து, ஒரே சீராக முனக ஆரம்பித்தது. ஒரு பொறியும் வரவில்லை.

"அவ்ளோதானா?" என்றார் கோதண்டம், கழியைக் கீழே போட்டுவிட்டு. ஏமாந்துபோன குரல்.

அதற்கு முன்பே, வைகாசியில், லேத்தைத் தரையில் ஊன்றி நிறுத்தியாகிவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நடந்தது புரியாது. லேத் நீளமான சாமான். அதன் முதுகு கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் கடைகிற இரும்பு ஒரு முனை பருத்தும் ஒரு முனை சிறுத்தும் வந்துவிடும். கொத்தனார்கள் வைத்திருக்கிற ரசமட்டம் இதற்குப் போதாது. மயிரிழைச் சாய்வையும் காட்டுகிற மிஷின் ரசமட்டம் ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி வந்து, கால்களுக்கடியில் மெல்லிய தகடுகளைச் செருகிச் செருகி, குமிழி எல்லா இடத்திலும் நடுவில் நிற்கும்வரை மட்டம் பார்த்தான். அப்புறம் கால்களைச் சுற்றிச் சிமெண்ட் கலவை ஊற்றி இறுக்கிவிட்டான். பெரிய கம்பெனிகளில் இப்படித்தான் நிறுத்துவார்களாம்.

அந்தச் சிமெண்டுக்கு வேளை தவறாமல் தண்ணீர் தெளித்தது கனகுதான். ஈரச்சாக்கு போட்டு மூடிவைத்தாள். காய்ந்தபின் ஒரு நாள், பாண்டி இல்லாத நேரத்தில், லேத்தின் காலைப் பெருவிரலால் உதைத்துப் பார்த்தாள்.

"இனி இத யாராலயும் அசைக்க முடியாதுல்லா, மதினி?"

"யானை வந்தாலும் முடியாது" என்றேன்.

ஆடியில் லேத் வேலைக்குத் தயாராகிவிட்டது. கடைந்த கம்பியின் இரண்டு முனைகளும் ஒரே அளவு. பாண்டி மயிரிழை கனத்தையும் காட்டுகிற மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்து என்னையே அளக்கச் சொன்னான். சும்மா சொல்லவில்லை, நானே அளந்தேன். இரண்டும் ஒன்றுதான்.

கம்பெனிகளுக்குள் சாமான் தள்ளுகிற டிராலிகளைச் செய்பவர் சுப்பராயன். தொழிற்பேட்டைக்கு வெளியே அவருக்கு ஒரு பட்டறை இருக்கிறது. டிராலிச் சக்கரங்களுக்கு முழங்கை நீளத்துக்கு இரும்பு அச்சு வேண்டும். அதன் இரண்டு முனையிலும் பேரிங் உட்கார வேண்டும். மாதிரிக்கு நான்கைந்து அச்சுகளைக் கொடுத்துப் பார்த்தார். பேரிங்குகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கமாக உட்கார்ந்தன.

"தம்பி, இதே மாதிரி வந்தா மாசா மாசம் உனக்குத்தான். மொத்தமா ஒரு லாட் தர்றேன். நல்லபடியா முடி" என்றார்.

அன்று பாண்டி ஓசூர்க் காண்டிராக்டருக்குப் போன் போட்டு, "இப்பதக்கி வரல சார்" என்றான். இப்போதைக்கு. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கனகுவும்.

ஆயுத பூஜைக்கு லேத்துக்கு மாலை போட்டுக் கொண்டாடினோம். பளபளவென்று தேய்த்த இடத்தில் சந்தனம் வைக்கவிடாமல் பாண்டி கையை நீட்டி மறித்தான். பெயிண்ட் அடித்த இடத்தில் மட்டும் பொட்டு வைக்கச் சொன்னான். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் பெய்கிற மழைதான். தெருவில் தண்ணீர் நின்றது. கொட்டகைக் கூரைத் தகட்டிலிருந்து கிழக்குப் பக்கம் ஓயாமல் தண்ணீர் கொட்டியது. உள்ளே நனையவில்லை, லேத்துக்கு மேல் பாண்டி தார்ப்பாய் வேறு கட்டியிருந்தான்.

அந்த வாரம்தான் அச்சுகள் கெட ஆரம்பித்தன.

முதலில் பாண்டி யாரிடமும் சொல்லவில்லை. பின்முனையில் கம்பியைத் தாங்குகிற பாகத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துச் சரிசெய்தான். சரியாக வந்தது. மறுநாள் மறுபடி ஒரு முனை பருத்தது. மறுபடி நகர்த்தினான். அதற்கடுத்த நாள் வேறு விதமாக வந்தது. பேரிங்தான் சரியில்லை என்று தலைப்பாகத்தைத் திறந்தான். பேரிங் நன்றாகத்தான் இருந்தது. நீலம் தடவிய சறுக்குப் பாகத்தை மறுபடி பிரித்தான். பொட்டுப் பொட்டாக நீலம் பரவி அதுவும் நன்றாகத்தான் இருந்தது. டிரைவ் பெட்டியைக் கழற்றினான், மாட்டினான். டூலை மாற்றினான். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அந்தக் கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. தண்ணீர்ச் செம்பில் வட்டம் வட்டமாக அலை ஓடியது.

"ஏல, ஒரே ஒரு எடத்துல நின்னு யோசியேன்" என்றேன்.

"நின்னா யோசன வரமாட்டக்குக்கா."

சுப்பராயன் ஒரு வெள்ளிக்கிழமை மழைக்கோட்டோடு வந்தார். கையில் பாண்டி அனுப்பிய அச்சு ஒன்று. ஒரு பேரிங்கை எடுத்து ஒரு முனையில் விட்டார். மோதிரம் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மறுமுனையில் வைத்தார், உட்காரவே இல்லை.

"இது இன்னா தம்பி?"

பாண்டி வாங்கிப் பார்த்தான். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அவனுக்கே தெரிந்ததுதான்.

"மிஷின்ல எங்கயோ கோளாறு, சார். பாத்துக்கிட்டே இருக்கேன்."

"நானும் பாத்துகினே இருக்க முடியாதே. திங்கக்கிழமை காலைல ஆளை அனுப்புறேன். நல்ல அச்சு இருந்தா குடுத்தனுப்பு. இல்லனா சொல்லிடு, வேற எடத்துல குடுத்துக்கறேன். கோச்சுக்காத. கம்பெனிக்காரன் என் கழுத்துல உக்காந்துகினு கீறான்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் பாண்டி வாசலில் நின்று போன் பேசினான். "ஆமா சார்... ஓசூர்லதான... எப்ப வரணும்?" என்பது என் வீட்டுக்குள்ளேயே கேட்டது. கனகு துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். கொஞ்ச நேரத்தில் கனிஷ்கா என்னிடம் வந்தாள்.

"அத்தை, என் சைக்கிள ஒங்க வீட்டுல வச்சுக்கலாமா?"

"எதுக்குட்டி?"

"சும்மா. அப்பா ஓசூருக்குப் போனா இடம் பத்தாது."

அவளும் அம்மாவும் போகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வைத்துக்கொள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குளியலறைக் கதவு மூட முடியாமல் மாட்டிக்கொண்டது. தரையில் உரசி ஒரு வளைந்த கீறலே விழுந்திருந்தது. கோதண்டத்திடம் சொன்னேன். அவர் ஏற்கனவே கையில் இழைப்புளியோடுதான் வந்தார். எங்கள் வீட்டுக்கு முன்பு இரண்டு வீடுகளில் கதவை இழைத்துவிட்டு வருகிறாராம்.

"வருசா வருசம் இதான் பேஜாரு" என்றபடி கதவைக் கழற்றி அடிப்பக்கத்தைச் சீவினார்.

"மரம் ஊறிட்டோ, அண்ணாச்சி?"

"மரம் இல்லமா. தரை. கீய களிமண்ணு. மேல சவுடு கொட்டி மூடிகீறேனே தவிர, அடியில அதே வயலுதான். மழ பேஞ்சா உப்பிகினு மேல வரும். பங்குனி வெயிலுக்குச் சுருங்கி எறங்கிடும். எங்க அப்பா காலத்துல வரப்பே எடம் மாறும். என் வூட்டு நெலைப்படிய வந்து பாரேன், ஒரு பக்கம் மட்டும் தூக்கிகினு கீது."

நான் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தேன். எங்கள் சொந்த ஊர் தேரிக்காட்டு ஓரம். செம்மணல். எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி கிடக்கும். தரை எழும்பும், இறங்கும் என்பதை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு பக்கம் மட்டும் தூக்கும் என்று அவர் சொன்னதும், கொட்டகையின் கிழக்குப் பக்கம் கூரைத் தண்ணீர் கொட்டுவது என் கண்ணுக்குள் வந்தது.

கொட்டகைக்கு ஓடினேன். பாண்டி லேத்தின் தலைப்பாகத்தை மறுபடியும் திறந்து வைத்திருந்தான்.

"ஏல, மட்டம் எப்பப் பாத்த?"

"அது அப்பவே பாத்தாச்சுல்லா. வைகாசில."

"அதுக்குப் பெறவு?"

"எதுக்கு? சிமெண்டு போட்டு நிறுத்தின மிஷினு. கம்பெனில பத்து வருசம் ஆனாலும் ஒருத்தனும் மட்டம் பாக்க மாட்டான்."

"கம்பெனி தரைக்குக் கீழ என்ன போட்டுருப்பான்? இங்கன கீழ என்ன கெடக்கு?" கோதண்டம் சொன்னதைச் சொன்னேன். அவரும் இழைப்புளியோடு பின்னாலேயே வந்து நின்றார்.

பாண்டி பைக்கை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய், அந்த ரசமட்டத்தை மறுபடி இரவல் வாங்கி வந்தான். லேத்தின் ஒரு கோடியில் வைத்தான். குமிழி நடுவில் நின்றது. மெல்ல எடுத்து மறுகோடியில் வைத்தான். குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது.

"முறுக்கிட்டு" என்றான். "சிமெண்டுல காலப் புடிச்சு வச்சிட்டு... தரை தூக்கத் தூக்க முதுக முறுக்கிருக்கு. நான் பேரிங்கப் போயி..."

"உன் மிசினு சோக்காதாம்பா கீது" என்றார் கோதண்டம். "என் நெலந்தான் சும்மா இருக்காது."

பாண்டி நிமிர்ந்தான். "அண்ணாச்சி, கடப்பாரை இருக்கா?"

"எதுக்கு?"

"சிமெண்ட ஒடைக்கணும்."

"டேய், என் தரைய ஒடைக்கிறேன்னு என் கிட்டயே கடப்பாரை கேக்குறியா?" என்று கத்தினார். கத்திக்கொண்டே போய் எடுத்து வந்தார்.

முதல் அடி விழுந்த சத்தத்துக்குக் கனகு வாசலுக்கு வந்தாள். மழைக்கு அப்பால், லேத்தின் காலடியில் தன் புருஷன் கடப்பாரையால் குத்துவதையும், அவள் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவைத்த சிமெண்ட் சில்லுச் சில்லாகத் தெறிப்பதையும் பார்த்தாள். அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். பரணிலிருந்து அவன் பையை எடுத்துக் கட்டிலில் வைத்து, சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைகளை மட்டும்.

"வித்துட்டாவளா, மதினி?"

"யாரு வித்தா? எதை?"

"லேத்த. காலப் பேத்து எடுக்குதாவள்லா. யான வந்தாலும் அசையாதுன்னு சொன்னீய."

"கனகு, விக்கல. தரை எழும்பிருக்கு. நிறுத்துததுக்குத்தான் ஒடைக்கான்."

அவளுக்குப் புரியவில்லை. நான் சொன்ன விதமும் சரியில்லை. எனக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பாண்டி சிமெண்ட் தூசியோடு நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கையில் அப்போதும் இருந்த அவன் சட்டையைப் பார்த்தான்.

"இது எதுக்கு?" என்றான்.

"ஓசூருக்கு."

"யாரு போறா?"

"நீங்கதான் போன்ல கேட்டிய, எப்ப வரணும்னு."

அவன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவளை லேத்தின் பக்கத்தில் நிறுத்தி, ரசமட்டத்தை வைத்துக் காட்டினான். "இந்தக் குமிழியப் பாரு. எங்கன நிக்கி? நடுவுல நிக்கணும். இனிமே காலுக்குச் சிமெண்டு கெடையாது. தடிச்ச தகடு, அதுக்கு மேல திருகுத போல்ட்டு. தரை ஏறுனா நான் எறக்குவேன். எறங்குனா ஏத்துவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

கனகு குமிழியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிமெண்ட் சில்லுகளை முறத்தில் அள்ள ஆரம்பித்தாள்.

கோதண்டம் கூரையோரம் ஒரு பழைய பிவிசி குழாயைப் பிளந்து கட்டி, கொட்டுகிற தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் தடித்த போல்ட்டுகளைத் தேடி ஒரகடம்வரை போய் வந்தார். "மச்சான் காலுதாம் ஆடுதுன்னு நெனச்சேன், இப்ப லேத்துக்கும் ஒட்டிக்கிட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அவரால் கொடுக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் நான்கு கால்களும் தகட்டின் மேல் நின்றன. பாண்டி ஸ்பேனரால் ஒரு காலை இம்மி திருகுவான், நான் குமிழியைப் பார்த்துச் சொல்வேன், அடுத்த காலுக்குப் போவான். கவர் பார்க்கிற கண் அதற்காவது உதவியது. விளக்கு போடுகிற நேரத்தில் ஒரு கம்பியைக் கடைந்தான். அளந்தான். மைக்ரோமீட்டரை என்னிடம் நீட்டவில்லை. கனகுவிடம் நீட்டினான். அவளுக்குப் பார்க்கத் தெரியாது. ஆனாலும் வாங்கி இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை சுப்பராயன் ஆளை அனுப்பவில்லை, அவரே வந்தார். கையில் கிடைத்த அச்சுகளை எடுத்துப் பேரிங்கை ஒவ்வொரு முனையிலும் வைத்துத் தட்டினார். உட்கார்ந்தது. நடந்ததைப் பாண்டி ஒளிக்காமல் சொன்னான்.

"அப்போ மழை விட்டா மறுபடி மாறுமா?"

"மாறும் சார். அப்பவும் திருகணும்."

சுப்பராயன் தாடையைச் சொறிந்தார். "பாதி லாட் செய். மீதி, தை மாசம் பாத்துகினு சொல்றேன்" என்றார். முழுசாக நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தை பிறந்தது. மழை விட்டு, மண் காய்ந்து இறங்கியது. கோதண்டம் இழைத்த எங்கள் கதவுக்குக் கீழே இப்போது பூனை நுழைகிற அளவுக்குச் சந்து. பாண்டி ஸ்பேனரை மறுபக்கம் திருக ஆரம்பித்தான். இரவல் ரசமட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கியிருக்கிறான். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அதைத்தான் தேடுவான். தரை ஒரு நாளாவது சும்மா இருக்குமா என்று பார்க்கிறானோ, இருந்துவிடுமோ என்று பயப்படுகிறானோ, எனக்குத் தெரியவில்லை. சுப்பராயன் மீதி லாட்டையும் கொடுத்தார். கனிஷ்காவின் சைக்கிள் என் வீட்டிலிருந்து வெளியே போய், தெருவில் கிடந்து துருப்பிடிக்கிறது.

நேற்று அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் கேட்டது. நான் போவதற்குள் கோதண்டம் போய்விட்டார். கனகு ஸ்டூலின் மேல் ஏறி, காலண்டருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு வூடு குடுக்கும்போதே சொன்னேனா இல்லியா?"

"சொன்னிய" என்றான் பாண்டி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "தரையவே ஒடச்சாச்சு அண்ணாச்சி. செவுரு என்ன செய்யப் போவுது?"

அவன் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கனகு இன்னும் ஒரு அடி அடித்தாள்.